உறைபெட்டி உணவும் உயர்கல்வி மாணவரும்

மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் மாணவனை வழியனுப்ப வருவோர் கேட்கும் வினாக்கள் பல. படிப்பு எத்தனை ஆண்டு, செலவு எவ்வளவு, அங்கே குளிர் எப்படி என்று உறவினர் கேட்பர். பெற்ற தாய் கேட்பதோ ஒன்றே: "சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்?" மாணவன் அதற்குச் சிரித்து மழுப்பிவிட்டு விமானம் ஏறுகிறான். சென்று சேர்ந்த சில நாட்களிலேயே அவ்வினா மீண்டும் அவன்முன் வந்து நிற்கிறது. இப்போது விடை சொல்ல வேண்டியவன் அவன் ஒருவனே.

2023-24 ஆம் கல்வியாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பதிவாகியிருந்த இந்திய மாணவர் தொகை 3,31,602. அவர்களுள் நம் ஊர்ப் பிள்ளைகளும் உளர். இனிச் செல்லவிருப்போரும் உளர். அந்நாட்டு மாணவர் விடுதிகள் பலவற்றில் தீ விபத்துக்கு அஞ்சி அறைக்குள் மின் அடுப்பு வைத்துச் சமைப்பதற்குத் தடை உண்டு. சிறிய குளிர்பெட்டியும் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்புமே பெரும்பாலும் கைக்கெட்டும் வசதிகள். பொது உணவுக்கூடம் குறித்த நேரத்தில் மூடப்பட்டுவிடும். நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் திருநாளிலும், திசம்பர் விடுமுறையிலும் அது பல இடங்களில் நாள்கணக்கில் திறப்பதில்லை. வீடுள்ளவர்கள் வீட்டுக்குச் செல்வர். வெளிநாட்டு மாணவன் வெறிச்சோடிய விடுதியில் தனித்திருப்பான். அவ்வேளையில் அவனுக்குத் துணையாவது கடையின் உறைபெட்டியிலிருந்து வாங்கி வந்த ஓர் அட்டைப்பெட்டி. அந்நாட்டார் ஃப்ரோஸன் டின்னர் என்று வழங்கும் அதனை நாம் உறைபெட்டி உணவு என்று குறிப்போம்.

இவ்வுணவைப் பற்றி இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. மாணவர்க்குக் கிடைத்த வரம் என்பர் ஒரு சாரார். உண்ணவே தகாத நஞ்சு என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மை அல்ல என்பதே நம் கருத்து. குளிர் ஒரு நேர்மையான காவலாளி. தன்னிடம் ஒப்படைத்ததை அது காக்கும்; நல்லதைத் தீயதாக்காது, தீயதை நல்லதாகவும் மாற்றாது. ஆகவே பெட்டிக்குள் இட்டது என்ன, அதனை எவ்வாறு சூடாக்குகிறோம், அதனோடு எதைச் சேர்த்து உண்கிறோம் என்னும் மூன்றுமே நன்மை தீமைகளை முடிவு செய்கின்றன. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

குளிர் செய்யும் காவல்

உணவு கெடுவதற்குக் காரணம் நுண்ணுயிர்களின் பெருக்கமும், உணவுப் பொருளிலேயே அமைந்துள்ள நொதிகளின் செயலும் ஆகும். இரண்டுக்கும் நீர் வேண்டும். நம் முன்னோர் உப்பாலும் வெயிலாலும் அந்நீரை அகற்றினர். கருவாடும், உப்புக்கண்டமும், வற்றலும் அவ்வழியில் வந்தவை. உறையவைத்தல் அந்நீரை அகற்றாமல் பனிக்கட்டியாக்கிப் பூட்டி வைக்கும் முறை. சுழிக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. ஆயினும் அவற்றுள் பல மடிவதில்லை. உறங்குகின்றன என்றே சொல்ல வேண்டும். இதனை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

மெல்ல உறையும் பொருளில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து உயிரணுக்களைக் கிழிக்கின்றன. அதனால்தான் வீட்டுக் குளிர்பெட்டியில் உறைந்த மீன் உருகும்போது நீர்விட்டுத் தொய்ந்துபோகிறது. விரைந்து உறையும் பொருளிலோ துகள்கள் சிறியனவாக அமைகின்றன, தசை குலைவதில்லை. இவ்வுண்மையைத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர். 1912 முதல் சில ஆண்டுகள் அவர் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். கடுங்குளிர்க் காற்றில் பிடித்த மீன் நொடிப்பொழுதில் உறைவதையும், திங்கள் பல கடந்து சமைக்கும்போதும் புதுமீன் போன்றே சுவைப்பதையும் அங்கு வாழும் இனூயிட் மக்களிடம் கண்டார். பின்னர், குளிரூட்டிய இரு உலோகத் தகடுகளுக்கிடையே உணவுப் பொட்டலங்களை அழுத்தி விரைந்து உறையவைக்கும் முறையை வகுத்தார். 1929-இல் அவர் தொழில் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகள் சிலவற்றில் உறையவைத்த காய், கனி, மீன், இறைச்சி ஆகியவை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன.

தட்டு பிறந்த வரலாறு

தனித்தனிப் பொருளை உறையவைப்பது ஒன்று. முழு உணவையே தட்டோடு உறையவைப்பது மற்றொன்று. இரண்டாவதை 1945-இல் மாக்சன் என்னும் நிறுவனம் வானூர்திப் பயணிகளுக்காகச் செய்தது. 1949-இல் பிட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஸ்டைன் உடன்பிறப்பாளர் அலுமினியத் தட்டுகளில் உணவை உறையவைத்து விற்றனர். ஆயினும் நாடெங்கும் இதனைப் பரப்பியது நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரின் ஸ்வான்சன் நிறுவனமே. நன்றியறிதல் திருநாளுக்கென வாங்கிய வான்கோழி இறைச்சி மலைபோல் மிஞ்சிவிட, அதனைச் செலவழிக்கவே 1953-இல் இத்தட்டு தோன்றியது என்றொரு கதை உண்டு. அக்கதையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அந்நிறுவனத்தாரிடையேயே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், முதல் தட்டில் வான்கோழி, சோளரொட்டிப் பூரணம், பட்டாணி, சர்க்கரைவள்ளி ஆகிய திருநாள் உணவுகளே இடம்பெற்றன. விலை 98 சென்ட். 1954-இல் ஏறத்தாழ ஒரு கோடித் தட்டுகள் விற்றன என்பர்.

இத்தட்டின் பின்னணியில் ஒரு பெண்மணியின் அறிவு உழைத்திருக்கிறது. ஸ்வான்சன் நிறுவனத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் பெட்டி குரோனின் என்பார்க்கு ஒரு சிக்கல் எழுந்தது. இறைச்சி சூடேற நெடுநேரமாகும். பட்டாணி சிறுபொழுதில் வெந்து குழையும். ஒரே தட்டில், ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் இரண்டும் பதமாக வேண்டும். பன்முறை ஆய்ந்து அவர் இதற்கு வழி கண்டார். இன்று மாணவன் பெட்டியைப் பிரித்து அடுப்பில் வைக்கும்போதும் அதே சிக்கல்தான் அவன் முன்னும் இருக்கிறது.

திருநாளன்று குடும்பம் கூடி உண்ணும் உணவே முதல் தட்டானது. அத்திருநாளில் குடும்பத்தைப் பிரிந்திருப்பவன் கையில் இன்று அத்தட்டே வந்து சேர்கிறது. வரலாறு சில வேளைகளில் இப்படியும் அமைகிறது.

அடுப்பின் இயல்பை அறிதல்

1945-இல் ரேடார் கருவிக்கான மேக்னட்ரான் குழலருகே நின்ற பொறியாளர் பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகியது. அவ்வியப்பிலிருந்து பிறந்ததே நுண்ணலை அடுப்பு. 1967-இல் வீட்டு மேசைமேல் வைக்கத்தக்க சிறிய அடுப்பு விற்பனைக்கு வந்தது. 1986-இல் ஸ்வான்சன் உணவும் அலுமினியத் தட்டைக் கைவிட்டு நுண்ணலைக்கேற்ற தட்டுக்கு மாறியது.

இவ்வடுப்பின் இயல்பை அறியாதார் பலர். நுண்ணலைகளை நீர் நன்கு ஏற்கும். பனிக்கட்டி மிகக் குறைவாகவே ஏற்கும். ஆகவே உறைந்த உணவில் முதலில் உருகிய இடம் மேலும் மேலும் சூடேறிக் கொதிக்க, அதனருகே உருகாத இடம் பனியாகவே நிற்கும். ஓரம் நாக்கைச் சுடும், நடுவே சில்லென்றிருக்கும். முன்னர்ச் சொன்ன உறங்கும் நுண்ணுயிர்கள் இவ்விடத்தில்தான் விழித்துக்கொள்கின்றன.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2007-இல் அமெரிக்காவில் உறையவைத்த பை என்னும் இறைச்சிப் பணியாரத்தின் வாயிலாகச் சால்மனெல்லா நோய் பரவியது. 41 மாநிலங்களில் 400-க்கு மேற்பட்டோர் நோயுற்றது உறுதிப்பட்டது. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் அவ்வுணவை நுண்ணலை அடுப்பில் சூடாக்கியவர்களே. பெட்டியின் வெளித்தோற்றம் கண்டு, உள்ளே முன்பே வெந்த உணவுதான் இருக்கிறது, சூடு செய்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அதனை முழுவதும் வேகவைத்தே உண்ண வேண்டும் என்பது அதன் விதி.

ஆகவே கடைப்பிடிக்க வேண்டியவை சில. முதலாவது, அடுப்பின் ஆற்றலை அறிதல். பெட்டியில் அச்சிடும் நேரம் பெரும்பாலும் 1,100 வாட் அடுப்புக்கு உரியது. விடுதி அறைகளின் சிறிய அடுப்புகளோ பல வேளைகளில் 700 வாட் அளவினவே. அவற்றுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அடுப்புக் கதவின் உட்புறத்திலோ பின்புறத்திலோ இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, பாதி நேரத்தில் வெளியே எடுத்துக் கிளறுதல். மூன்றாவது, அடுப்பு நின்ற பின்னும் இரண்டு மூன்று நிமிடம் மூடியே வைத்திருத்தல். ஓரத்துச் சூடு நடுப்பகுதிக்குப் பரவுவது அந்நேரத்தில்தான். பசியால் பலர் இதனையே முதலில் கைவிடுகின்றனர். நான்காவது, நடுப்பகுதி 74 பாகை செல்சியசை எட்டியதா என்று உணவு வெப்பமானியால் பார்த்தல். இக்கருவி ஒரு பாடநூலின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

குளிர்பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். விடுதியறைச் சிறு குளிர்பெட்டியின் மேற்பகுதி அறை பல வேளைகளில் பனிக்கட்டி செய்யப் போதுமேயன்றிச் சுழிக்குக் கீழ் 18 பாகையைக் காப்பதில்லை. அத்தகைய பெட்டியில் திங்கள் முழுமைக்கும் வாங்கி அடுக்குதல் தகாது. சில நாட்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குதல் நன்று. கடையிலிருந்து பேருந்தில் கொண்டுவரும்போது உருகத் தொடங்கியதில் பனித்துகள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறையவைக்கலாம். முற்றும் குழைந்து வெதுவெதுப்பாகி இரண்டு மணிநேரம் கடந்திருந்தால் மனத்தைத் தேற்றிக்கொண்டு கைவிடுவதே அறிவுடைமை.

பெட்டி பேசும் மொழி

அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உணவுப் பொட்டலங்கள் தம் சத்து விவரத்தை வெளியிட வேண்டும். முன்பக்கத்து வண்ணப்படம் விற்பனையாளரின் மொழி. பின்பக்கத்துக் கட்டம் சட்டத்தின் மொழி. மாணவன் படிக்க வேண்டியது பின்பக்கத்தை.

முதலில் பார்க்க வேண்டியது, பெட்டியில் எத்தனை பேருக்கான பங்கு உள்ளது என்பது. ஒரு பீட்சாவின் கட்டத்தில் காணும் எண்கள் அதன் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்குக்கு உரியனவாக இருக்கலாம். முழுவதையும் ஒருவனே உண்டால் எல்லா எண்களையும் அத்தனை மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சோடியம். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பழமொழி. உறைபெட்டி உணவில் குறை உப்பின்மையன்று, உப்பின் மிகுதியே. உறைந்து உருகிய உணவுக்குச் சுவையூட்ட எளிய வழி உப்பு என்பதனால் அது தாராளமாகவே சேர்கிறது. வளர்ந்த ஒருவர் நாள் முழுமைக்கும் கொள்ளும் சோடியம் 2,300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அந்நாட்டு அளவு. உலக நல்வாழ்வு நிறுவனம் 2,000-க்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்கிறது. ஒரே தட்டில் 1,000 மில்லிகிராமைக் கடக்கும் உணவுகள் கடையில் பல உண்டு. அதில் இரண்டு உண்டாலே நாளின் அளவு ஏறக்குறைய முடிந்துவிடும். 600 மில்லிகிராம் அளவில் நிற்கும் தட்டைத் தேடுதல் நல்ல இலக்கு. கட்டத்தின் வலப்புறம் காணும் நூற்றுவீதத்தில் 5-உம் அதற்குக் கீழும் குறைவு, 20-உம் அதற்கு மேலும் மிகுதி என்பது எளிய கணக்கு.

மூன்றாவது, புரதமும் நார்ச்சத்தும். புரதம் 15 கிராமும், நார்ச்சத்து 4 அல்லது 5 கிராமும் இருப்பின் அது உணவு என்னும் பெயருக்குத் தகும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 1981-இல் வந்த லீன் குசீன் முதலியவை உடல் எடை குறைக்க விரும்புவோருக்கென அமைந்தவை. அத்தகைய தட்டுகள் பல 300 கலோரி அளவிலேயே நிற்கும். நலம் என்ற சொல்லைக் கண்டு அதனை மட்டும் வாங்கும் இளைஞன் நள்ளிரவில் மீண்டும் பசித்து, உருளைக்கிழங்கு வறுவல் பையைத் தேடுகிறான். குறை தட்டினுடையதன்று; தனக்குரியதல்லாததைத் தேர்ந்தவனுடையது.

விலக்கும் ஏற்பும்

நம் மாணவர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. ஹலால் பேணுவோரும், மரக்கறி உண்போரும் இறைச்சி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தல் போதாது. சேர்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும்; இறுதிவரை படித்தல் வேண்டும். அவரை மசியலில் பன்றிக்கொழுப்பும், காய்கறிச் சோற்றில் கோழிச்சாறும், குழம்பில் ஒயினும், இனிப்பில் ஜெலட்டினும் இடம்பெறக் கூடும். பாலாடைக்கட்டியை உறையவைக்கும் நொதி விலங்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். யூதர்களின் கோஷர் முத்திரை இருந்தால் போதுமென்று கருதுவோரும் உளர். அம்முறையில் மதுவுக்கு முற்றிலும் தடை இல்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இன்று நிலைமை முன்னைவிட எளிது. 1982-இல் தோன்றிய இஃபான்கா என்னும் அமைப்பு பிறையுடன் கூடிய எம் எழுத்தை ஹலால் சான்றாக வழங்குகிறது. 2010-இல் தொடங்கிய சாஃப்ரன் ரோடு நிறுவனம் ஹலால் சான்றுபெற்ற உறைபெட்டி உணவுகளைப் பொதுக்கடைகளுக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் 1987-இல் தோன்றிய ஏமிஸ் கிச்சன் மரக்கறி உணவுகளையே செய்கிறது. ஒவ்வாமை உடையோர்க்கும் சட்டம் துணை நிற்கிறது. பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகியவற்றோடு 2023 முதல் எள்ளும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டியவற்றுள் சேர்ந்துள்ளது.

எதைத் தேர்வது?

கடையில் காண்பனவற்றை நான்காகப் பகுக்கலாம். பல அறைகள் கொண்ட முழுத்தட்டு முதல் வகை. சோறோ மாவுப்பண்டமோ குழம்போடு கலந்த கிண்ணம் இரண்டாம் வகை. பீட்சாவும், கையில் பிடித்து உண்ணும் பொதிந்த ரொட்டிகளும் மூன்றாம் வகை. காய், சோறு, மீன் எனத் தனிப்பொருளாக உறையவைத்த பைகள் நான்காம் வகை. மாணவர் பெரும்பாலும் மூன்றாம் வகையை நாடுகின்றனர். விலையும் குறைவு, வேலையும் குறைவு. நாம் பரிந்துரைப்பது முதலிரு வகைகளுள் ஒன்றும், அதனோடு நான்காம் வகையும் ஆகும்.

நான்காம் வகையைத் தாழ்வாக எண்ணுதல் கூடாது. காய்கள் பறித்த சிறுபொழுதிலேயே வெந்நீரில் அல்லது ஆவியில் சிறிது வாட்டப்பட்டு உறைகின்றன. நொதிகள் அடங்கிவிடுவதால் சத்து பெரிதும் காக்கப்படுகிறது. பல நாள் வழியிலும் கடையிலும் வாடிய 'புதிய' காயைவிட அவை சில வேளைகளில் மேம்பட்டன. ஒரு கிண்ண உணவோடு இத்தகைய காய் ஒரு கைப்பிடியைத் தனியே வேகவைத்துக் கலந்தால், அதே உப்பு கூடுதல் உணவில் பரவுகிறது. வயிறும் நிறைகிறது. ஒரு குவளைத் தயிரும் ஒரு பழமும் சேர்ந்தால் அது நிறைவான உணவு.

நோன்புக் காலத்தில் இத்தேர்வு இன்னும் இன்றியமையாதது. விடியற்காலைச் சஹர் வேளையில் உணவுக்கூடம் திறந்திராது. அறையிலிருப்பதே உணவு. உப்பு மிகுந்த தட்டை அப்போது உண்டவனைப் பகலெல்லாம் தாகம் வாட்டும். உப்பு குறைந்ததும், புரதமும் நாரும் உடையதுமான உணவை முதல்நாளே தெரிந்து எடுத்து வைத்தல் வேண்டும்.

நாள்தோறும் மூவேளையும் இதையே நம்பியிருத்தல் முறையன்று. தேர்வுக்காலத்து இரவுகள், உணவுக்கூடம் மூடிய விடுமுறைகள், நோயுற்று எழ இயலாத பொழுதுகள் ஆகியவற்றுக்கு இது உற்ற துணை. மற்ற நாட்களில் பொது உணவுக்கூடத்தையும், நண்பர் சிலர் கூடிச் சமைக்கும் பொதுச் சமையலறையையும் நாடுதலே நலம்.

நிறைவாக

குளிர்பெட்டி உணவைக் காக்கும். உண்பவனைக் காப்பது அவன் அறிவே. நம் கல்லூரிகளில் வேதியியலும், விலங்கியலும், ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த மாணவன், ஒரு பெட்டியின் பின்புறத்தில் உள்ள பத்து வரிகளைப் படிக்காமல் உண்பானாயின் அக்கல்வி அவன் உடலுக்குப் பயன்படவில்லை என்றே பொருள். ஆசிரியர்கள் விடைபெற வரும் மாணவர்க்கு இதனையும் ஒரு பாடமாகச் சொல்லலாம். பெற்றோர் ஊறுகாய்ப் போத்தலோடு ஓர் உணவு வெப்பமானியையும் பெட்டியில் வைத்து அனுப்பலாம்.

வெறிச்சோடிய விடுதியில், வெளியே பனி பெய்யும் இரவில், தொலைபேசியில் தாய் மீண்டும் கேட்பாள்: "சாப்பிட்டாயா?" மழுப்பாமல், "சாப்பிட்டேன் அம்மா, இன்னது சாப்பிட்டேன், நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டேன்" என்று விடை சொல்லும் பிள்ளைகளாக நம் மாணவர்கள் விளங்க வேண்டும் என்பதே நம் அவா.